வாசகர் கேள்வி – பதில்: பட்டறைக்குப் பிறகும் புத்திமதிதான்

கேள்வி: சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு வேலை தேடித்தரும் சிறு மையம் நடத்துகிறோம். பணியாளர்கள் ஐந்து பேரை மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் (புத்திமதி சொல்லாமல், மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைக்கும் பேச்சு முறை) பட்டறைக்கு இரண்டு நாள் அனுப்பினோம். மறு மாதமே பழையபடி புத்திமதி சொல்கிறார்கள். மறுபடி அனுப்பலாமா?

பதில்: வேண்டாம், காசு வீண். பட்டறையில் கற்றதைப் பின்னால் ஒருவர் கேட்டுத் திருத்தாவிட்டால் அது கரைந்துதான் போகும். அந்தப் பணத்துக்கு, இந்த முறை தெரிந்த ஒருவரை மாதம் ஒருமுறை வரவழையுங்கள். வேலை தேடி வந்தவர் சம்மதித்தால் உரையாடலைக் கைப்பேசியில் பதிந்து, அதில் 20 நிமிடம் போட்டுக் கேளுங்கள். ஒரு தாளில் இரண்டே கணக்கு: பணியாளர் கேட்ட கேள்வி எத்தனை, வந்தவர் சொன்னதன் கருத்தைத் திருப்பிச் சொன்னது எத்தனை. ஒன்றுக்கு ஒன்று வந்தால் பரவாயில்லை. ஒரு கேள்விக்கு இரண்டு வந்தால் நல்ல தேர்ச்சி.

"பால் வெட்டத்தான் தெரியும், ஃபேக்டரி நமக்குச் சரிப்படாதுங்க" என்கிறார் ஒருவர். "ஏன் சரிப்படாது? பஸ் இருக்கு, ஓவர்டைம் இருக்கு" என்றால், சரிப்படாததற்குக் காரணங்களை அடுக்குவார், அடுக்க அடுக்க அதிலேயே உறுதியாவார். மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் முதலில் குடிப்பவர்களிடம் பேசுவதற்காக 1983-இல் எழுதப்பட்டது. அங்கும் இதே கதைதான். அதற்குப் பதில் பணியாளர், "புது இடத்துல முதல்லேர்ந்து கத்துக்கணுமேன்னு உங்களுக்குத் தயக்கமா இருக்கு" என்று குரலை இறக்கிச் சொல்லி நிறுத்த வேண்டும். "இருக்கா?" என்று ஓர் 'ஆ' ஒட்டிக்கொண்டால் அது விசாரணை, "ஆமாங்க" என்பதோடு பேச்சு முடிந்தது. பிறகு ஐந்து விநாடி சும்மா இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு அதுதான் பெரிய பாடு! "கத்துக்கலாம்தான்... பிள்ளைங்க படிப்புச் செலவு இருக்கே" என்று அவர் வாயிலிருந்து வந்தால், பஸ் நேரத்துக்குத் தாவாமல் அந்தப் படிப்புச் செலவையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சம்பள விவரம் சொல்வதென்றால், "சொல்லட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

கேள்வி: வேலை எவ்வளவு முக்கியம், 0 முதல் 10-க்குள் சொல்லுங்கள் என்றால் எல்லோரும் 10 என்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்குத்தான் ஆளைக் காணோம்.

பதில்: அது மரியாதைக்குச் சொன்ன பத்து. 'முடியும்' என்ற நம்பிக்கை எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். 4 என்றால், "ஏன் 7 இல்லை?" என்று கேட்காதீர்கள், குறைகள்தான் வரும். "2 சொல்லாம 4 சொன்னீங்களே, எதனால?" என்று கேட்டால் தெம்பான விஷயங்கள் வரும். அடுத்து, "5 ஆக என்ன வேணும்?" பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும்: எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ் நகல், அல்லது மலேசிய அரசின் வேலைவாய்ப்புத் தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸில் பதியும்போது பக்கத்தில் உட்கார ஓர் ஆள். அதை அன்றைக்கே முடித்துக் கொடுத்துவிடுங்கள்.