“அப்படியென்றால் நாம் யார் அப்பா?”: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மனைவிக்கு வங்கி வேலை. பிடித்தம் எல்லாம் போக இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கைக்கு வருகிறது. அதில் வீட்டுக் கடனுக்கு 58 ஆயிரம் போய்விடும். மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். என் அம்மாவும் எங்களுடன்தான் இருக்கிறார். பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து, கார் தவணை, காப்பீடு என்று எல்லாம் கட்டி முடித்தால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஏழைக்கு அரசாங்கம் இருக்கிறது, பணக்காரனுக்குப் பணம் இருக்கிறது, நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்துக்குத்தான் நாதியில்லை என்று அடிக்கடி சொல்வேன்.

போன வாரம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். “எங்களைப் போல மிடில் கிளாஸில் பிறந்தவர்களுக்கு ஒரு கல்யாணத்தை முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது அம்மா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு மகள் கேட்டாள்: “அவர்கள் மிடில் கிளாஸ் என்றால் நாம் யார் அப்பா?” என்ன சொல்வதென்று தெரியவில்லை. சிரித்தது இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒருவர் எந்த வர்க்கம் என்பதை எதை வைத்துச் சொல்வது? வருமானமா, படிப்பா, சொத்தா, அவரவர் நினைப்பா?

பெயரை வெளியிட வேண்டாம்.
க., கோவை

அன்புள்ள க.,

முதலில் உங்கள் மகளுக்கான பதில். நீங்கள் இருக்கப்பட்டவர்கள்.

நான் ராஜபாளையத்தில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் வர்க்கம் என்ற சொல்லைத் தொழிற்சங்கக் கூட்டங்களில்தான் கேட்க முடியும். வீட்டுக்குள் புழங்கியவை வேறு சொற்கள்: இருக்கப்பட்டவர்கள், இல்லாதப்பட்டவர்கள். நடுவில் ஒன்றை அம்மா வைத்திருந்தார். “நாம் நடுத்தரம்” என்பார். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. வாடகை வீடு. சம்பளம் வந்த பத்தாம் நாள் மளிகைக்கடை நோட்டில் கடன் ஏறத் தொடங்கிவிடும். இருந்தும் நடுத்தரம்.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. அம்மாவுக்குச் சீராக வந்தது. கழுத்துப் பட்டையில் அவர் பெயர் வெட்டியிருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அது அடகுக்கடைக்குப் போகும், தீபாவளி போனஸில் திரும்பி வரும். அதைக் கொண்டுபோவது எப்போதும் இருட்டிய பிறகுதான். பழைய சேலையை அண்டா மேல் சுற்றி, தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துக்கொள்வார். நான் பத்தடி முன்னால் நடக்க வேண்டும். தெரு முனையில் தெரிந்தவர் யாராவது வந்தால் இருமிக் காட்ட வேண்டும். ஒரு வருடம் ஆலையில் கதவடைப்பு. நான்கு மாதம் சம்பளம் இல்லை, போனஸும் இல்லை. வட்டி ஏறி அண்டா மூழ்கிப்போனது. அதன் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம் வந்தது. அண்டா எங்கே என்று கேட்டவர்களிடம், தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்திருப்பதாக அம்மா சொன்னார். இரண்டு வருடம் அதையே சொன்னார்.

இந்த அண்டாவை நினைக்காமல் நடுத்தரம் என்ற சொல்லை என்னால் கேட்க முடிவதில்லை. அம்மா அந்தச் சொல்லால் வருமானத்தைச் சொல்லவில்லை. நாங்கள் யாரிடமும் போய் நிற்க மாட்டோம், பிள்ளைகள் படிப்பார்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுப்போம் என்று ஊருக்குச் சொன்னார். உங்கள் வீட்டு அக்கா சொன்னதும் இதுவாகத்தான் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, அறியாமல் சொல்லவும் இல்லை. தன்னை யாரும் இளப்பமாகப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அவர் கையில் வைத்திருக்கும் சொல் அது. நீங்கள் சிரித்தது அதன் மேல்தான். வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வெட்கம் நியாயமானது.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. 58 ஆயிரத்தைக் கழித்தால் மீதம் 1 லட்சத்து 52 ஆயிரம். நான்கு பேர். ஆளுக்கு மாதம் 38 ஆயிரம். மத்திய அரசின் 2022-23ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், இந்திய நகரங்களில் ஆக மேலே இருக்கும் 5 சதவீதம் பேரின் சராசரிச் செலவு ஆளுக்கு மாதம் 20,824 ரூபாய். பெரும் பணக்காரர்கள் கணக்கெடுக்க வருபவர்களுக்கு எளிதில் கதவு திறப்பதில்லை, திறந்தாலும் முழுக்கணக்கு சொல்வதில்லை. அதற்காக எவ்வளவு சேர்த்துக்கொண்டாலும் உங்கள் வீடு இந்த நாட்டின் நடுவில் வந்து நிற்காது. அந்த 58 ஆயிரத்தையும் நான் முழுதாகச் செலவில் சேர்க்க மாட்டேன். அதில் ஒரு பங்கு வட்டி, மறு பங்கு மாதாமாதம் உங்கள் பெயரில் சுவராகவும் கூரையாகவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா கட்டும் வாடகை அப்படிச் சேர்வதில்லை.

மாதக் கடைசியில் கை காலியாக இருப்பது உண்மைதான், அந்த நெருக்கடியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாம் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் நம்மை அளக்கிறோம். உங்கள் அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர் அமெரிக்கா போய் வந்தவர். அடுக்குமாடியில் எதிர்வீட்டில் இரண்டு கார். பார்வை மேலே போகும்போது நாம் நடுவில் இருப்பதாகத்தான் தோன்றும். என் தங்கை மகளுக்கு ஒரு திருமணத் தகவல் தளத்தில் விவரம் பதிந்துகொடுத்தேன். குடும்ப நிலை என்ற கட்டத்தில் இருந்த தெரிவுகள் நடுத்தரத்தில் தொடங்கி மேலே போயின. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஏழைக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு பெண் கொடுக்கவோ எடுக்கவோ அங்கே வழியில்லை.

அரசாங்கத்தைக் கேட்டாலும் தெளிவு கிடைக்காது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு நீண்ட காலம் ஆண்டு வருமான வரம்பு 72 ஆயிரம்; பிறகு 1 லட்சத்து 20 ஆயிரம் ஆனது. பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களை மத்திய அரசின் இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் ஆண்டு வருமான வரம்பு 2017இலிருந்து 8 லட்சம். 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு கொண்டுவந்தபோதும் அதே 8 லட்சம். ஒரு பக்கம் அந்தத் தொகையைத் தாண்டினால் வசதி, இன்னொரு பக்கம் அதுவரைக்கும் ஏழ்மை. தாசில்தார் அலுவலகத்துக்கு வருமானச் சான்றிதழ் வாங்கப் போன யாரையும் கேளுங்கள், எந்தத் திட்டத்துக்கு என்பதைப் பார்த்துத்தான் மனதில் தொகை உருவாகும்.

2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோது, எழுதத் தெரியாத இருவருக்குப் படிவம் நிரப்பிக்கொடுக்க முகாமுக்குப் போயிருந்தேன். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கரைத் தாண்டக் கூடாது. ஆண்டுக்கு மின்சாரம் 3,600 யூனிட்டுக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. சொந்த உபயோகத்துக்குக் கார் இருக்கக் கூடாது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணின் கணவருக்குப் பக்கவாதம். அவர் நன்றாக இருந்தபோது வாங்கிய பழைய கார் மூன்று வருடமாக ஓடாமல் உறை போட்டு வாசலில் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு அடுத்து நின்றவருக்கு நான்கு போர்ஷன் வாடகை வருகிறது. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர், வாடகை ரொக்கம், கார் கிடையாது. படிவத்தின் கேள்விகளை வைத்துப் பார்த்தால் முதலாமவர் வசதியானவர், இரண்டாமவர் இல்லாதவர். நின்ற நேரத்தில் இருவரும் பேசிக்கொண்டார்கள். இருவருமே தங்களை நடுத்தரம் என்றார்கள். அந்த உறை போட்ட காரைப் பற்றி அந்தப் பெண் சொல்லும்போது குரல் இறங்கிப்போனது. விற்றுவிட்டால் அவர் இனி எழுந்திருக்க மாட்டார் என்று நாங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்றார்.

எல்லா ஊரிலும் மக்கள் நடுவை நோக்கித்தான் ஓடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 2016இல் வெளிவந்த சமூக மனப்பான்மை ஆய்வில் 60 சதவீதம் பேர் தங்களை உழைக்கும் வர்க்கம் என்றார்கள். நிர்வாக, தொழில்முறைப் பணிகளில் இருந்தவர்களிலேயே 47 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். தாத்தா சுரங்கத்திலோ ஆலையிலோ உழைத்தார் என்பது அங்கே பலருக்குப் பெருமை. நம் ஊரில் கூலி வேலை செய்த தாத்தாவை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடிவதில்லை. காரணம் சாதி. இங்கே தொழிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், தெருவைச் சொன்னாலும் தெரிந்துவிடும். சம்பளம் எத்தனை லட்சமானாலும் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது ஒரு தலித் குடும்பத்தை வீட்டுக்காரர் என்னென்ன கேட்டுத் திருப்பி அனுப்புகிறார் என்பதை நண்பர்கள் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தங்களை நடுத்தரம் என்று சொல்லும்போது அதில் இன்னொரு பாரமும் இருக்கிறது. பணத்தை மட்டும் எண்ணினால் அது விளங்காது.

எதை வைத்துச் சொல்வது என்று கேட்டீர்கள். நான் கேட்டுப்பார்ப்பது ஒன்றைத்தான். சம்பளம் நின்றுபோனால் எத்தனையாவது நாள் வீட்டிலிருந்து முதல் பொருள் அடகுக்குப் போகும்? போனது மூழ்காமல் திரும்பி வருமா? உங்களுக்கு வருங்கால வைப்புநிதி இருக்கிறது, நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு இருக்கிறது, ஒருவர் வேலை போனாலும் இன்னொருவர் சம்பளம் இருக்கிறது, பாதி அடைந்த வீடு இருக்கிறது. அந்த அக்காவுக்கு நான்கு நாள் காய்ச்சல் வந்தாலே கணக்கு மாறிவிடும். குழுக் கடன் வாங்கியிருந்தால் தவணை நாள் காய்ச்சலுக்காகக் காத்திருக்காது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது என்றால் அந்தச் சொல்லில் யாரோ ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கிறார். அந்த அக்கா மரியாதைக்காக ஒளிகிறார். நீங்கள் எதற்காக ஒளிகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். நாதியில்லை என்று சொல்லிக்கொள்ளும்வரை நாம் யாருக்கும் எதுவும் செய்யக் கடமைப்பட்டவர்கள் இல்லை. அதனால்தான் நடுத்தரம் என்ற சொல்லை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்கிறேன். அவர் வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதத்தில் உங்கள் சம்பளம் இருக்கிறது, கடன் தவணை இருக்கிறது. அந்த அக்காவின் சம்பளம் இல்லை. தமிழ்நாட்டில் 2007இலிருந்து வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, திருமண உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் உண்டு. எங்கள் தெருவில் வேலை செய்பவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேலை கொடுப்பவர்களும் சொன்னதில்லை. உங்கள் வீட்டு அக்கா பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை நிரப்பும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. ஒரு கல்யாணத்தை முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது என்றார் அல்லவா, அது யாருடைய கல்யாணம், எப்போது, எவ்வளவு குறைகிறது? கேட்டு எனக்கு எழுதுங்கள்.