பிழை, தவறு, தப்பு, குற்றம் எல்லாம் ஒன்றுதானா? அலுவலகக் கடிதத்தில் எதை எழுதலாம்?

கேள்வியைப் பார்த்தால், உங்களிடம் யாரோ விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள் போல. அப்படியென்றால் 'குற்றம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் எழுதிக் கெட்டவன்.

படிப்பு முடிந்த கையோடு, இலங்கையின் கிழக்கே கல்முனைப் பக்கம் ஒரு நெல் களஞ்சியத்தில் கணக்கெழுதப் போனேன். பெயர் வேண்டாம். பெரும்போக அறுவடை நேரம், வாசலில் லொறி வரிசை, தராசடியில் ஒரே கூச்சல். தராசுத் துண்டுச்சீட்டில் 168 மூடை என்றிருந்ததைப் பேரேட்டில் 186 என்று பதிந்துவிட்டேன். மாதக் கடைசியில் இருப்பை எண்ணினால் 18 மூடை குறைகிறது. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றிப் பிரிபட்டால், இலக்கம் இடம்மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உயர்தர வகுப்பில் கணக்கீட்டுப் பாடத்தில் படித்ததுதான். அரை மணித்தியாலத்தில் அந்தத் துண்டைத் தேடிப் பிடித்துவிட்டேன். ஒரு மணி நெல்கூட எங்கேயும் போகவில்லை.

ஆனாலும் முகாமையாளர் விளக்கம் கேட்டார். அடக்கமாக இருக்கட்டுமே என்று, "என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். 'குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று நன்றியுரைகளில் கேட்டு வளர்ந்த காது, வேறென்ன எழுதும்? "நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீங்களே" என்று அரை மாதச் சம்பளத்தை வெட்டினார். கடிதம் என் கோவைக்குள், அதாவது ஃபைலுக்குள், போய்விட்டது.

பக்கத்து மேசைக் காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "குற்றம் எண்டா பொலிசுக்கெல்லா போகணும் மனே! இலக்கம் மாறிட்டு எண்டு எழுதியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்."

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நான் தமிழ் வாத்தியார் இல்லை, தமிழகத்து நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம். எங்கள் பக்கம் பேச்சில் அனேகமாக எல்லாம் பிழைதான். கணக்கில் பிழை விடுவோம், ஆளைப் பிழையாக விளங்கிக்கொள்வோம், காரியம் கெட்டால் 'பிழைச்சிட்டு' என்போம். சென்னையில் ஆஸ்பத்திரி வாசலில் 'பிழைச்சிட்டார்' என்றால் உயிர் மிஞ்சியது என்று அர்த்தம். 'தப்பு' என்றால் எனக்கு முதலில் தப்பி ஓடுவதுதான் ஞாபகம் வரும். மற்றப் பொருளில் அதிகம் கேட்டது படங்களில். 'தவறு' கடிதத்துக்கு மரியாதையான சொல், ஆனால் வினையாக்கும்போது கவனம். 'மாமா தவறிட்டார்' என்றால் பந்தல்காரன் வந்து நிற்பான்.

'கவனயீனம்' விபத்துச் செய்திகளில் சாரதியின் தலையில் விழும் சொல். கடிதத்தில் அதை எழுதினால், பார்க்க வேண்டியதை நான் பார்க்கவில்லை என்று நீங்களே கையெழுத்து வைத்தது போலாகும். இறங்கிவிட்டுப் பிறகு யோசிப்போம் என்பதை 467ஆம் குறள் 'இழுக்கு' என்கிறது. இன்றைக்கு இழுக்கு என்றால் மானக்கேடு, அதுவும் வேண்டாம். முடிவு சரிவராமல் போயிருந்தால் 'என் கணிப்புப் பிழைத்துவிட்டது' என்று எழுதலாம். 'வழு' எங்கள் பாடப்புத்தகச் சொல். இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று உண்டு: பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று சொன்னாலும், பாசத்தில் சொன்னது என்று ஏற்றுக்கொள்வார்கள். பசு விஷயத்தில் இலக்கணக்காரர் காட்டிய இரக்கம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

என்னைக் கேட்டால், பெயர்ச்சொல்லே வேண்டாம். எந்தத் திகதி, எந்த இலக்கம், எப்படி மாறியது, எப்போது திருத்தினீர்கள், அவ்வளவுதான். இது கோழைத்தனம் என்று யாராவது கீழே எழுதக்கூடும். எழுதட்டும், அவர்கள் சம்பளத்தை யாரும் வெட்டவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. அதே களஞ்சியத்தில் ஈரம் என்று சொல்லி மூடைக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள். பல்லில் கடித்தால் டிக்கென்று உடைகிற நெல்லுக்கும் கழிப்பார்கள். கேட்கும் விவசாயியிடம் "அது அப்படித்தான்" என்பார்கள். அதற்குப் பேரேட்டில் தனியாக ஒரு நிரல், தலைப்பு 'கழிவு'. நிரப்பியது நான்தான். அந்த நிரலில் ஒரு நாளும் எனக்கு இலக்கம் மாறியதில்லை, யாரும் விளக்கம் கேட்டதுமில்லை.