‘அம்மா செத்தது சந்தோஷம்’ என்று ஒரு புத்தகமா?

என் மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவள் கட்டிலில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது: ‘ஐ ஆம் கிளாட் மை மாம் டைட்’. அம்மா செத்ததில் சந்தோஷமாம். அட்டையில் ஒரு பெண் ரோஸ் கலர் அஸ்திக் கலசத்தைப் பிடித்திருக்கிறாள், அதிலிருந்து கலர் பேப்பர் வழிகிறது. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. “இதைப் படிக்கத்தான் உன்னைப் பெத்தேனா?” என்று கத்தி, பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். “உள்ள என்ன இருக்குன்னே தெரியாம பேசறே” என்றாள். நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒரு வருஷமாகவே ஆள் மாறிவிட்டாள். அவள் அப்பாவின் பழைய சட்டைதான் போடுகிறாள். கண்ணாடி முன் நின்று பருவைக் கிள்ளுகிறாள். போட்டோ என்றால் ஓட்டம். பொங்கலுக்கு வந்த அத்தை “என்னடி, இப்படி ஊதிட்டே?” என்று கேட்டதிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் “பசிக்கலை.” புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா? என்னை வெறுக்கிறாளா?

– பெயர் வெளியிட விரும்பாத தாய், திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்கலாம். ஆனால் இன்றைக்கே வேண்டாம். அந்தத் தலைப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நடுவில் சில பக்கங்கள் இருக்கின்றன. யோசிக்க வைப்பவை அவைதான்.

எழுதியவர் ஜெனட் மெக்கர்டி, அமெரிக்க நடிகை. 2007 முதல் 2012 வரை வந்த ‘ஐகார்லி’ தொடரில் எப்போது பார்த்தாலும் எதையாவது தின்றுகொண்டிருக்கும் சாம் என்ற பெண்ணாக நடித்தவர். அந்த நாட்களில் நிஜத்தில் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. 11 வயதில் மார்பு வளரத் தொடங்கியதும் பயந்துபோய், வளராமல் தடுக்க என்ன வழி என்று அம்மாவிடம் கேட்கிறார். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லிக் கொடுப்பதே அம்மாதான். புத்தகம் மருத்துவமனையில் தொடங்குகிறது. நினைவில்லாமல் கிடக்கும் அம்மாவை எழுப்ப மகள் காதில் சொல்லும் நல்ல சேதி, தன் எடை எவ்வளவு குறைந்துவிட்டது என்பது. அம்மா 2013-இல் புற்றுநோயில் இறந்தார், புத்தகம் 2022-இல் வந்தது. அந்தத் தலைப்புக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. வெறுப்பு மட்டும் என்றால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டார்.

ஆகவே, இதைப் படிக்கிற பெண் உங்களை வெறுக்கிறாள் என்று அர்த்தமில்லை. தன் உடம்பைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல முடியாததை யாரோ ஒரு நடிகை சொல்லும்போது, தூரத்தில் நின்று கேட்க வசதியாக இருக்கிறது. பிரபலங்களின் சுயசரிதைகளை இந்த வயது விரும்புவதற்கு அது ஒரு காரணம். வம்பு ருசி இன்னொரு காரணம், அதிலும் தப்பில்லை.

சிக்கல் எங்கே என்றால், பட்டினி கிடந்ததும் சாப்பிட்டதை வாந்தி எடுத்ததும் அதில் விவரமாக வருகிறது. நன்றாகச் சாப்பிடுகிற பெண்ணுக்கு அது எச்சரிக்கை. ஏற்கெனவே சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கிய பெண்ணுக்கு அதுவே செய்முறைக் குறிப்பாகிவிடக்கூடும். உங்கள் கடிதத்தில் புத்தகத்தைவிட என்னை நிறுத்தியது அந்தப் “பசிக்கலை”தான்.

ஒரு வாரம் சத்தமில்லாமல் கவனியுங்கள். காலை, மதியமும் குறைகிறதா? சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிறாளா? மாதவிலக்கு தள்ளிப்போகிறதா? தலைசுற்றல், எப்போதும் குளிர்வது, முடி கொட்டுவது, விரல் முட்டியில் தழும்பு? இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் குழந்தைகள்நல மருத்துவரிடம் போங்கள். பள்ளி மருத்துவ அட்டையில் பழைய உயரம், எடை இருந்தால் எடுத்துப்போங்கள். இன்றைய எடையைவிட, அவளுடைய வழக்கமான வளர்ச்சியிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறாள் என்பது முக்கியம். பார்க்க ஒல்லியாக இல்லாத பெண்ணுக்கும் உள்ளே கெட்டுப்போயிருக்கலாம். படுத்தும் நின்றும் நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், ரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்பார்கள். அதன் பிறகு மனநல மருத்துவர். ராத்திரியில் பதற்றமானால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். வீட்டில் எடை மிஷின் இருந்தால் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இது எதுவும் இல்லை, ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும்தான் கோபத்தைக் காட்டுகிறாள் என்றால் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். “தலைப்பைப் பார்த்துப் பயந்துட்டேன், பிடுங்கினது தப்பு” என்று இரண்டே வாக்கியம். “இருந்தாலும்” என்று மூன்றாவதாக ஆரம்பித்தால் முதல் இரண்டும் வீண். நீங்களும் படியுங்கள், இங்கிலீஷ் கஷ்டமென்றால் அவளையே கதை சொல்லச் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்து கேட்காதீர்கள். ஸ்கூட்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, கண்ணைப் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் பத்து நிமிஷம் போதும். “அந்தம்மா ஏன் அப்படிச் செஞ்சாங்க?” என்று கேட்கலாம். “நானும் அப்படியா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடுத்த நொடி உங்களைச் சமாதானப்படுத்துவது அவள் வேலையாகிவிடும், பேச்சு அங்கேயே முடிந்தது.

அந்த நடிகர் வேஸ்ட், இந்தப் பாடகிதான் உசத்தி என்று அவள் அடித்துச் சொன்னால் விட்டுவிடுங்கள். சொந்த அபிப்பிராயம் சொல்லிப் பழக இந்த வயதுக்கு அதைவிட ஆபத்தில்லாத இடம் கிடையாது.

பெரிய சட்டைக்கும் போட்டோவுக்கும் வருகிறேன். ஊர் முழுக்கத் தன்னையே பார்க்கிறது என்று இந்த வயது நினைக்கும். உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இலேயே இதைக் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்று விவரித்தார். “உன்னை யார் பார்க்கப்போறாங்க?” என்று நீங்கள் தேற்றினால், அவமானப்படுத்தியதாகத்தான் கேட்கும். சட்டை இருக்கட்டும். வயசுக்கு வருவதை ஒட்டி இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது இயல்பு. அத்தைக்கு நீங்களே போன் போட்டு, “அண்ணி, அவ உடம்பைப் பத்தி நல்லதாக்கூட எதுவும் சொல்ல வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். மகள் காதில் விழும்படி சொன்னால் இன்னும் நல்லது.

பருவுக்கு எலுமிச்சம்பழம், டூத்பேஸ்ட் எல்லாம் வேண்டாம், தோல் புண்ணாகும். தோல் மருத்துவரைக் கேட்டு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல். பட்டாணி அளவு, முதலில் ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் “ஒண்ணும் நடக்கலை” என்று அவள் தூக்கி எறியப் பார்ப்பாள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். துணியில் பட்டால் சாயம் போய்விடும். தலையணைக்கு வெள்ளை உறை போடுங்கள், அவள் அப்பாவிடமும் சட்டைக் காலரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.