ஏசாயா 7:14: கன்னிகையா, இளம்பெண்ணா?

மார்த்தாண்டம் வாலிபர் கூட்டத்தில் வந்த சண்டையை எழுதியிருந்தீங்க பிரதர். ஆண்டவர் அடையாளம் கொடுப்பார், ஒரு பெண் கர்ப்பவதியாகி குமாரனைப் பெறுவாள் என்ற வசனத்தில், அந்தப் பெண் உங்க பழைய திருப்புதல் பைபிளில் 'கன்னிகை', பக்கத்து வீட்டு கத்தோலிக்க பைபிளில் 'இளம்பெண்', யூதர் வசனத்தைத் திருத்திட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாராம். தயவுசெய்து அதை வகுப்பில் சொல்ல விடாதீங்க, அது அநியாயம். 1947-ல் சாக்கடல் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் கிறிஸ்துவுக்கு முந்தியது. அதிலும் எபிரெயச் சொல் 'அல்மா'தான், அதாவது இளம்பெண். கிரேக்கத்தில் அதை 'பார்த்தெனோஸ்', கன்னி, என்று பெயர்த்தவர்களும் யூதர்களே. இயேசுவின் பிறப்புக்கு இந்த வசனத்தைச் சொல்லும் மத்தேயு 1:23 அந்த வழியில் வருகிறது.

ஆதியாகமம் 24-ஐ விரித்து வையுங்க. ரெபெக்காள் 16-ம் வசனத்தில் 'பெத்தூலா', பொதுவாகக் கன்னி என்று பெயர்க்கும் சொல்; 43-ல் அவளே 'அல்மா'. சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

யூதர் ஏசாயா 7:16-ஐயும் சேர்த்தே வாசிப்பாங்க: பிள்ளைக்கு விவரம் தெரியுமுன், யூதாவின் ராஜா ஆகாஸ் பயந்த இரண்டு ராஜாக்களின் தேசம் பாழாகும். ஆகவே அடையாளம் ஆகாசின் காலத்துக்கே. பிள்ளை ஆகாசின் மகன் எசேக்கியா என்று சிலர் சொன்னாங்க. இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி மறுத்தார்: ஆகாஸ் ஆண்டது 16 வருஷம், எசேக்கியா பட்டத்துக்கு வந்தது 25 வயதில், அப்போ ஆகாஸ் ராஜாவானபோதே அவனுக்கு 9 வயசு, இனிமேல் பிறக்கப் போகிற பிள்ளை அவனல்ல (2 இராஜாக்கள் 16:2, 18:2).

கிறிஸ்தவரில் பலர் அந்த முதல் நிறைவேறுதலை ஒத்துக்கொண்டு, முழு நிறைவு இயேசுவில் என்பாங்க. 7-ம் அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசித்த பிறகு மத்தேயுவுக்குப் போங்க.