மேகம் கூடுவதற்குள் கேக் வெட்டிவிடுங்கள்

எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவரை நடுவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது வழக்கம். போன மாதம் வருமான வரி. இந்த மாதம் என் முறை. பன்னிரண்டு வருடம் நர்சரி டீச்சர், அதற்கப்புறம் குழந்தைகள் பிறந்தநாளுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பதே வேலை. கேள்விகள் சீட்டில் வந்தன. வீட்டுக்குள் வைக்கும் விழாவைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அக்கா, மே இரண்டாம் வாரம் பையனுக்கு ஐந்து வயது. மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு சாயங்காலம் ஐந்து மணிக்கு வைக்கலாமா?

வேண்டாம் கண்ணு. மே மாதத்துச் சேலம் உனக்குத் தெரியாததா? மத்தியானம் தரையில் கால் வைக்க முடியாது. நாலு மணிக்கு மேல் ஏற்காட்டுப் பக்கம் கருக்கும், அரை மணியில் புழுதிக்காற்று கிளம்பும். என் தங்கை மகளுக்கு நானே அப்படி வைத்துப் பட்டவள். ஷாமியானா பாய்மரம் மாதிரி உப்பி, ஒரு கம்பத்தோடு பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. கேக் மேல் எழுதியிருந்ததில் 'ஹேப்பி' மட்டும் மிச்சம். நல்லவேளை, யார் தலையிலும் கம்பம் விழவில்லை.

காலையில் வை. ஏழரைக்கு வரச் சொல், எட்டரைக்குக் கேக், பத்துக்கு வீட்டுக்கு அனுப்பிவிடு. பிறந்தநாள் என்றால் சாயங்காலம்தான் என்று யார் சொன்னது? காலையில் குழந்தை தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும், மாடியில் நிழல் இருக்கும், கொசு இருக்காது, இட்லியும் கேசரியும் போதும். அழைப்பில் முடியும் நேரத்தையும் மறக்காமல் போடு. இல்லாவிட்டால் பதினொன்றரை வரை உட்கார்ந்து பேசுவார்கள்.

சாயங்காலம்தான் வேண்டுமென்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், கீழே ஒரு அறையைக் காலியாக வைத்துக்கொள். இடிச் சத்தம் கேட்டதுமே எல்லோரையும் இறக்கிவிடு. கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும் வரை யாரையும் மேலே விடாதே. காலையோ மாலையோ, கைப்பிடிச் சுவரை ஒட்டி நாற்காலி, மேஜை, டிரம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் ஏறி எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

இருபது பிள்ளைகளை வேன் வைத்து ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்? (சூரமங்கலத்திலிருந்து தங்கையைப் பார்க்க வந்திருந்த ஒரு அப்பா)

முதலில் வாந்தி. சிரிக்காதீர்கள், இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. கிளம்பும்முன் பாலும் பூரியும் கொடுத்து ஏற்றினால் பாதி வளைவு தாண்டுவதற்குள் பலன் தெரியும். இரண்டு இட்லி கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து ஏற்றுங்கள். தலை சுற்றும் என்று தெரிந்த பிள்ளைகளை முன் சீட்டில் ஜன்னலோரம் உட்காரவைத்து, சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் போன் கூடாது. மாத்திரை தருவதென்றால் அந்தந்தக் குழந்தையின் டாக்டரைக் கேட்டுப் பெற்றோர்தான் தர வேண்டும், நீங்கள் தரக் கூடாது. ஆளுக்கொரு காகிதப் பையும், துடைக்க ஈரத்துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பலூன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒருமுறை சேலத்திலேயே நூறு பலூனை ஊதி, வேனின் பின்பக்கம் அடைத்து ஏற்றினோம். பாதி மலை ஏறியதும் ஒன்று வெடித்தது. டிரைவர் டயர் என்று நினைத்து ஓரம் கட்டிவிட்டார். அப்புறம் வளைவுக்கு இரண்டாக வெடித்துக்கொண்டே வந்தது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் காற்று விரியும். கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு பெருக்கும். சிப்ஸ் பாக்கெட் அங்கே போனதும் தலையணை மாதிரி உப்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். பம்பை எடுத்துப் போய் மேலே ஊதுங்கள். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், சின்னக் குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது குரங்கு. ஏரிப் பக்கம் தின்பண்டப் பை கையில் தெரிந்தால் பறித்துவிடும். மூடிபோட்ட டப்பாவில் வைத்து, உட்கார்ந்த இடத்தில் பரிமாறுங்கள். காப்பித் தோட்டத்து விடுதியில் வைப்பதென்றால் மரத்தில் தேன்கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள். கூடு இருந்தால் அதன் கீழே புகை, ஸ்பீக்கர் இரண்டும் வேண்டாம். மழைக்காலத்தில் அட்டையும் உண்டு. மே மாதக் கோடை விழா நாட்களில் மலைச்சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும், அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

பலூன்காரர் சிலிண்டர் கொண்டுவந்து கேஸ் நிரப்பித் தருகிறார். பரவாயில்லையா?

எந்த கேஸ் என்று கேளுங்கள். ஹீலியம் என்றால் சரி, அது எரியாது. விலை குறைவு என்று ஹைட்ரஜன் நிரப்புகிறவர்களும் உண்டு. மெழுகுவத்தி பட்டால் கொத்தாகத் தீப்பிடிக்கும். கேட்டதற்கு மழுப்பினால் சாதாரணக் காற்றே போதும்.

கேக் உருகாமல் இருக்க?

வெயிலில் ஃபிரெஷ் க்ரீம் வேண்டாம். மேலே எதுவும் பூசாத பிளம் கேக்கோ, ரவா கேக்கோ சொல்லுங்கள். வெட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் வெளியே எடுக்க வேண்டும்.

சாப்பாடு எவ்வளவு செய்வது? ஒவ்வொரு முறையும் மிஞ்சுகிறது.

இருபது குழந்தை என்றால் இருபது அம்மாக்களும் பத்துத் தம்பி தங்கைகளும் வருவார்கள், அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பற்றாது. ஆனால் குழந்தைகள் விளையாட்டு மும்முரத்தில் பாதிதான் சாப்பிடும். சாதம் வகை என்றால் ஒரு கிலோ அரிசி பெரியவர்கள் எட்டுப் பேருக்கு வரும், குழந்தைகள் பதினைந்து பேருக்கு வரும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். கடும் வெயிலில் ஒரு மணியே அதிகம். தயிர்சாதத்துக்கு இது ரொம்பவே பொருந்தும்.

நான் வைக்கச் சொல்வது தட்டுவடை செட் மேஜை. சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன? சின்னத் தட்டுவடைகள், பீட்ரூட், கேரட் துருவல், காரம் இல்லாத புதினாச் சட்னி, பொடியாக நறுக்கிய வெங்காயம், எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில். ஒரு வடை, அதன் மேல் சட்னி, துருவல், மூட இன்னொரு வடை. தானே அடுக்கியதை முழுசாகத் தின்றுவிடும். சட்டையில் பீட்ரூட் கறை நிச்சயம். நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதையும் கடலையையும் தராமல் கேசரி கொடுங்கள். கடலை, பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை யாராவது உண்டா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தட்டு, டம்ளருக்கு?

பாக்கு மட்டைத் தட்டு, காகித உறை, வீட்டு எவர்சில்வர் டம்ளர். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

நாலு வயதுக்கும் பத்து வயதுக்கும் ஒரே விளையாட்டு உண்டா?

கொல கொலயா முந்திரிக்கா. துண்டு ஒன்று போதும். பெரியவர்கள் சின்னவர்களைத் துரத்தும்போது நொண்டியடிக்க வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள், சமமாகிவிடும். உறியடி என்றால் மண்பானை வேண்டாம், ஓடு காலைக் கிழிக்கும். காகிதம் ஒட்டிய அட்டைப்பெட்டியில் மிட்டாய் போட்டுக் கட்டுங்கள். கண்ணைக் கட்டிய பிள்ளை கம்பு வீசும்போது மற்றவர்கள் நிற்க சுண்ணாம்புக்கோடு ஒன்று போடுங்கள்.

எங்கள் காலத்தில் பாயசம், கோயில், புதுச்சட்டை, அவ்வளவுதான். இத்தனை ஏற்பாடு எதற்கு அம்மா? (மூன்றாம் மாடி ஐயா)

நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம், ஐயா. நான் குறைக்கச் சொல்லித்தான் இவ்வளவு இருக்கிறது. எட்டுக் குழந்தையோடு நம் வேப்பமரத்தடியில் வைத்தாலும் பிறந்தநாள்தான். பாயசத்தை நீங்கள் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் அழைப்பில் போட்டுவிடுகிறேன்.

கேக் வெட்டும் நேரத்தில் என் மகள் அழுதுவிடுகிறாள். மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கத்திப் பாடினால் எனக்கே ஓடத் தோன்றும். வந்த உடனே, நாலைந்து பேர் சேர்ந்ததுமே வெட்டிவிடுங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள். போன மாசி மாதம் ஒரு குழந்தை இப்படித்தான் மேஜைக்கடியில் போனது. அதன் அண்ணன் கேக்கை அப்படியே கீழே இறக்கி வைத்தான். மேஜைத்துணிக்குள்ளே நாலு பேர் உட்கார்ந்து வெட்டினார்கள். போட்டோவில் எட்டுக் கால்கள்தான் இருக்கின்றன.