அப்ரைசல், ஹைக், பதவி உயர்வு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஹைக் (சம்பள உயர்வு) பற்றியவை. அதிலும் பாதிப்பேர் வேலை என்ன, சம்பளம் எவ்வளவு என்றே எழுதவில்லை. அவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

மார்ச் முடியப்போகிறது. மேனேஜரிடம் ஹைக் பற்றி எப்போது பேசலாம்? (ஐ.டி. ஊழியர், சென்னை)

டிசம்பரில் பேசியிருக்க வேண்டும். ஏப்ரலில் ஹைக் தரும் கம்பெனிகளில் பிப்ரவரிக்குள் துறைவாரியாகப் பணம் பிரிந்துவிடும். மார்ச் கடைசியில் கேட்டால் அவருக்கு மனமிருந்தாலும் கையில் தொகை இருக்காது. செல்ஃப் அப்ரைசல் படிவம் (உங்கள் வேலையை நீங்களே மதிப்பிட்டு எழுதுவது) இன்னும் திறந்திருந்தால் அதையாவது ஒழுங்காக நிரப்புங்கள். அக்டோபரில் இடைக்காலச் சம்பளத் திருத்தம் உண்டா என்று இப்போதே மெயிலில் கேட்டு வையுங்கள்.

ஆறு வருஷமாக உண்மையாக உழைக்கிறேன். லீவுகூட எடுப்பதில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் டீம் லீட் ஆகிவிட்டார்கள். என் உழைப்பு மேனேஜருக்கே தெரியும். நானே போய்க் கேட்பது அசிங்கம் இல்லையா? (கணக்குப் பிரிவு, கோவை)

அவருக்குத் தெரியாது. மாதாமாதம் இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து வருகிறது, பதிலும் இதேதான். அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர். போன ஜூனில் நீங்கள் செய்தது பிப்ரவரியில் அவர் நினைவில் இருக்காது. ஓரளவு பெரிய கம்பெனி என்றால் ரேட்டிங்கை அவர் தனியாகப் போடுவதும் இல்லை. ஐந்தாறு மேனேஜர்கள் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் பேசி முடிப்பார்கள். அங்கே "நல்ல பையன், சின்சியர்" என்று ஒருவர் சொன்னால் பக்கத்து மேனேஜர் தன் ஆளைப் பற்றி ஒரு எண்ணைச் சொல்வார். எண்தான் ஜெயிக்கும். லீவு எடுக்காததற்கு யாரும் பதவி தருவதில்லை.

உங்கள் நீண்ட கடிதத்தில் நீங்கள் செய்த ஒரு வேலைகூட இல்லை. படிவத்தையும் இப்படித்தான் நிரப்பியிருப்பீர்கள். இனி வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் என்ன சிக்கல் வந்தது, நீங்கள் செய்தது என்ன, எவ்வளவு நேரமோ பணமோ மிச்சம் என்று எழுதுங்கள். "மாதக் கடைசி ஜி.எஸ்.டி. ரீகன்சிலியேஷன் (கணக்கு ஒத்துப்பார்த்தல்) நான்கு நாள் ஆனது. ஜூன் முதல் ஒன்றரை நாள்." இவ்வளவு போதும். "உதவினேன், ஒத்துழைத்தேன்" போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். குழுவோடு செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள். பாராட்டு மெயில்களை ஆபீஸ் மெயிலிலேயே தனி ஃபோல்டரில் போடுங்கள். சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பினால் தகவல் கசிவு என்று வேலைக்கே உலை வைப்பார்கள்.

ரேட்டிங் கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஒரே பக்கத்தில், கனமான ஐந்து விஷயங்களை மட்டும் அவரிடம் கொடுங்கள். "டீம் லீட் ஆக என்னிடம் என்ன குறைகிறது?" என்று நேராகக் கேளுங்கள். அவர் சொன்னதை அன்று மாலையே "இன்று பேசியபடி" என்று தொடங்கி மெயிலாக அனுப்புங்கள். மேனேஜர் மாறினால் வாய் வாக்குறுதியும் அவரோடு போய்விடும். எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டுக் கடன் தவணை 28,000 ரூபாய். அதைச் சொல்லிக் கேட்கலாமா?

கூடாது. கடன் உங்களுடையது, கம்பெனி பார்ப்பது வேலையை.

இப்போது ஆண்டுச் சம்பளம் 7 லட்சம். வெளியில் 9.5 லட்சத்துக்கு ஆஃபர். அதைக் காட்டி இங்கேயே ஏற்றிக்கொள்ளலாமா? (ஓசூர்)

"சரி, போய்வாருங்கள்" என்று சொன்னால் போகத் தயாரா? இல்லையென்றால் காட்டாதீர்கள். முதலில் அந்த 9.5-ஐப் பிரித்துப் பாருங்கள். வேரியபிள் (வேலையைப் பொறுத்துக் கூடிக்குறையும் பகுதி) 15 சதவீதம் என்றால் நிச்சயமான தொகை 8 லட்சம்தான். கம்பெனி பங்கு பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) போனால் ஏழரைக்குள் வந்துவிடும். உங்கள் 7 லட்சத்தையும் இப்படியே பிரித்த பிறகு ஒப்பிடுங்கள். இங்கே ஐந்து வருஷம் முடியச் சில மாதமே பாக்கி என்றால் அந்தக் கிராஜுவிட்டியும் கணக்கில் வரும்: கடைசி பேசிக் (மாத அடிப்படைச் சம்பளம்) 30,000 என்றால் சுமார் 86,500 ரூபாய். இருக்கச் சொல்லி போனஸ் தந்தால், ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்று பாருங்கள். இதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பிரசவ விடுப்பு முடிந்து வந்தேன். "ஆறு மாதம் இல்லையே" என்று ரேட்டிங்கைக் குறைத்துவிட்டார்கள். (திருப்பூர்)

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்பது சட்டம் தந்த உரிமை. அந்த விடுப்பைக் காரணமாக்கி வேலையை விட்டு நீக்கவோ பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றவோ முடியாது. வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிடும்படி, அந்த மாதங்களின் வேலைக்கணக்கோடு, ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். "இல்லையே" என்றவர் அதை எழுத்தில் சொல்லியிருந்தால் அந்த மெயிலையும் இணையுங்கள்.

மத்திய அரசு அலுவலகம். என் வேலை பற்றிய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார்கள்.

அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிடுங்கள். நல்ல மதிப்பீடானாலும் மோசமானதானாலும் ஊழியருக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. உங்களுக்கு எப்போது வந்தது? தேதி எழுதவில்லை. நாள் தாண்டியிருந்தால் கஷ்டம்.

என் யோசனையை மீட்டிங்கில் சீனியர் தன்னுடையதாகச் சொல்கிறார்.

மீட்டிங்குக்கு முந்தின நாளே அதை நான்கு வரியில் மெயிலாக அனுப்புங்கள், மேனேஜரையும் சேர்த்து.

எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று ஹெச்.ஆர். கேட்டால்?

ஒரே எண். "8 முதல் 9" என்றால் அவர் காதில் 8 மட்டும்தான் விழும்.