வி.எம் (விர்ச்சுவல் மெஷின், கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) ஸ்கிரீன் அஞ்சு நிமிஷத்துல கருப்பாயிடுது, பவர் செட்டிங்க உபுண்டு உள்ள மாத்தணுமா வெளிய விண்டோஸ்ல மாத்தணுமா?

ரெண்டுலயும் மாத்தணும், ஆனா ஒரே மாதிரி இல்ல.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறேன். பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸ்ல சம்பளக் கணக்கு சாப்ட்வேர் விண்டோஸ் 7லதான் ஓடும், அதனால புது கம்ப்யூட்டர்ல விர்ச்சுவல்பாக்ஸ்னு வி.எம் ஓட்டுற சாப்ட்வேர போட்டு அதுக்குள்ள விண்டோஸ் 7 ஏத்திக் குடுத்தேன். மறுநாளே ஆபீஸ் கிராணி (கிளார்க்) போன் அடிச்சாரு, "தம்பி, படம் இருண்டு போச்சுப்பா"ன்னு. தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள உள்ள இருக்குற விண்டோஸ் ஸ்கிரீன அணைச்சிருக்கு, அவ்ளோதான், ஆனா மனுஷன் கெட்டுப் போச்சுன்னு நெனச்சி சுவிட்சையே அடைச்சிட்டாரு, பாதி தட்டுன சம்பளம் போச்சு.

வி.எம்முக்கு சொந்த மானிட்டர் கெடையாது. அது அணைக்குறது வெறும் ஒரு ஜன்னல, கரண்ட் பில்லுல ஒரு சென்கூட கொறையாது. நெஜ மானிட்டர் வெளிய இருக்குற விண்டோஸ் கையிலதான் இருக்கு. அதனால உபுண்டுல செட்டிங்ஸ், பவர் போயி ஸ்கிரீன் பிளாங்க்க நெவர் வைங்க, அங்கயே ஆட்டோமேட்டிக் சஸ்பெண்டையும் ஆப் பண்ணிடுங்க. நெறைய பேரு ஸ்கிரீன் அணையாம இருக்க எக்ஸ்செட் கமாண்ட் அடிக்கச் சொல்லுவாங்க, அது லினக்ஸ்ல ஸ்கிரீன்ல படம் காட்டுற பழைய முறையான எக்ஸ் ஆர்க்ல சரி, புது முறையான வேலண்ட்ல ஒன்னும் நடக்காது, உபுண்டு 22.04ல பொதுவா வேலண்ட்தான் வரும். நானே அரை மணி நேரம் அதுல மண்டைய ஒடைச்சிருக்கேன்.

வெளிய விண்டோஸ்ல மானிட்டர் பத்து நிமிஷத்துல அணையட்டும், அதான் உண்மையான மிச்சம். ஆனா ஸ்லீப்ப மட்டும் நெவர் வைங்க, ஏன்னா வெளிய தூங்குனா உள்ள ஓடுறதும் அப்படியே நின்னுடும், ராத்திரி டவுன்லோட் போட்டுட்டுப் படுத்தீங்கன்னா காலையில பாதியில நிக்கும்.

பிளாங்க்க நெவர் வெச்சிட்டா உபுண்டு தானா லாக் ஆகாது. ஆபீஸ்ல வெச்சிருந்தா எந்திரிச்சிப் போறப்ப ஹோஸ்ட்டையே, அதாவது வெளிய இருக்குற விண்டோஸையே, விண்டோஸ் கீயையும் எல்லையும் சேத்து தட்டி லாக் பண்ணிடுங்க. இப்ப கருப்பா இருக்கா, ஜன்னல்ல ஒரு கிளிக் பண்ணி ஷிப்ட்ட தட்டுங்க, எண்டர் வேணாம், உள்ள ஏதாச்சும் ஓகே பட்டன் காத்திருந்தா அதையும் சேத்து அமுக்கிடும்.